முதுகுவலிப் படத்தின் முடிவு

முதுகுவலிக்குத் தீர்வு தேடி அலைபவரைப் பற்றிய நகைச்சுவைக் குறும்படம் குறித்த செய்தியைப் படித்து, படத்தையும் பார்த்தேன். கோடரித் தைலம், சீன மருத்துவரின் அக்குபங்சர், மின்தூக்கிக்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் அண்டைவீட்டார் என வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆனால், நாயகனை வாரக்கணக்கில் படுக்கவைத்தே குணமாக்கிய முடிவை ஏற்க இயலவில்லை. சாதாரண முதுகுவலிக்கு நீண்ட படுக்கை ஓய்வை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. இயன்றவரை நடமாடவே சொல்கிறார்கள். கிடங்கில் பெட்டி தூக்கும் என் தம்பிக்குப் படுத்துக் கிடந்ததில் இடுப்பு மேலும் இறுகியது. பலதுறை மருந்தக இயன்முறை மருத்துவர் முதல் வேலையாக அவனை எழுந்து நடக்கவைத்தார்.

சமூக மன்றங்களில் படத்தைத் திரையிட்டால், கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற அறிவிப்பையும் இறுதியில் சேர்க்கலாம்.

- வாசகர், ஈசூன்