பத்து நிமிடக் கொதிநீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் பல் மருத்துவம் பற்றிய கட்டுரையில், "கருவிகளைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டார்களா என்று கேளுங்கள்; ஆம் என்றால் கவலையின்றி வாயைத் திறக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படித்ததும் என் வாய் தானாகவே திறந்துகொண்டது.

தாங்கள் அறியாததா? கொதிநீரின் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடும். டெட்டனஸ் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவம், அந்தப் பத்து நிமிடத்தில் சாகாது. அதற்குத்தான் ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலம்: 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, குறைந்தது 15 நிமிடம். அதிலும் உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தம் காட்டும் கேஜ் 15 காட்டும், சூடு வந்திருக்காது. உள்ளே வைக்கும் டிரம்மில் துணியைத் திணித்து அடைத்தால் நடுவில் இருப்பதற்கு ஆவி போய்ச் சேராது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பும் புதுப் பிள்ளைகளிடம், அது சூடு பட்டதற்கு மட்டும்தான் சாட்சி என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். "அவசரம் சிஸ்டர், கொதிக்க வைத்தே கொடுங்கள்" என்ற சர்ஜனிடம் முடியாது என்றதற்கு மெமோவும் வாங்கியிருக்கிறேன். அது கிடக்கட்டும்.

2023-இல் வாணியம்பாடியில் பல் சிகிச்சைக்குப் போன எட்டுப் பேர் மூளைத் தொற்றில் இறந்தார்கள். சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதாக ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகுமா இந்தக் கட்டுரை?

உங்களுக்கு இது புதிதும் இல்லை. 2020-இல் கிருமிநாசினிச் சுரங்கத்துக்குள் மக்கள் கையைத் தூக்கிக்கொண்டு நடந்த படத்தை முதல் பக்கத்தில் போட்டீர்கள். ஆள் மீது தெளிக்காதீர்கள் என்று அதே ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னதை எந்தப் பக்கத்தில் போட்டீர்கள்? அமைச்சர் வரும் சாலையோரம் பிளீச்சிங் பவுடரில் கோலம் போட்டால் அதற்கும் ஒரு பாராட்டுச் செய்தி. சாக்கடைச் சகதியில் கொட்டிய குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கலப்பில்லாத ஆல்கஹால்தான் சிறந்தது என்றும் ஒருமுறை எழுதினீர்கள். தண்ணீர் கலந்த 70 சதவீதம்தான் கிருமியை நன்றாகக் கொல்லும் என்று அன்றே கடிதம் போட்டேன். நீங்கள் அதைப் பிரசுரிக்கவில்லை. ராசிபலனில் தேதி மாறியதற்கு மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவித்தீர்கள்.

அடுத்த மலரில் இரண்டு வரி போடுங்கள், மூலையில் என்றாலும் சரி: 'ஆட்டோகிளேவ் செய்த கருவியா என்று கேளுங்கள். உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்