அந்த அட்டவணை வேண்டாம், சேகரா

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சேகரா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

பினாங்கு வாசகர் வட்டத்தில் ஏற்றத்தாழ்வு பற்றி நீ ஆற்றவிருக்கும் உரையைப் படித்தேன். பொன்னுசாமி சார் கேட்டால் பூரித்துப்போவார். ஆனால் மூன்றாம் பக்கத்து அட்டவணையைப் பார்த்ததும், 'நூற்றுக்கு நூறு' சேகரனா இதை எழுதினான் என்று திகைத்துப்போனேன்.

ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீட்டை (எண் குறையக் குறையச் சமத்துவம் கூடும்) இந்தியாவுக்கு 25.5, மலேசியாவுக்கு 40.4 என்று அருகருகே போட்டு, சமத்துவத்தில் இந்தியா நம்மை முந்திவிட்டதாக முடித்திருக்கிறாய். இந்தியாவின் எண் குடும்பச் செலவை வைத்துக் கணக்கிட்டது. நம்முடையது வருமானத்தை வைத்து. ஏழைக்கு வருவதெல்லாம் செலவாகிவிடும், பணக்காரரோ பெரும்பகுதியைச் சேமித்துவிடுவார் என்பதால், செலவை அளந்தால் இடைவெளி சிறுத்தே தெரியும். இந்தோனேசியாவும் செலவைத்தான் அளக்கிறது. இவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை.

1970இல் 0.513 ஆக இருந்த நம் ஜினி 2022இல் 0.404க்கு (உன் அட்டவணையின் 40.4 இதுதான்) இறங்கியது உண்மையான முன்னேற்றம். அதைத் தாராளமாகச் சொல். ஆனால் வறுமைக் கணக்கைச் சொல்லும்போது கவனமாக இரு. 2016இல் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள். குடும்பத்தின் மாத வருமானத்தை வைத்துப் போடும் வறுமைக் கோட்டை 980 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2,208 வெள்ளிக்கு உயர்த்திய புதிய முறையில் மறுபடி கணக்கிட்டபோது, அதே 2016க்கு 7.6 விழுக்காடு வந்தது. ஒரு குடும்பத்தின் வாழ்விலும் எதுவும் மாறவில்லை. கோடு மட்டுமே நகர்ந்தது.

நம் ராஜம் அக்காவை நினைத்துப்பார். மாமாவின் காவலாளிச் சம்பளமும் அக்காவின் தையல் கூலியும் சேர்ந்தால் அந்தக் கோட்டை எப்படியோ தாண்டிவிடும். அதனால் எந்தப் பட்டியலிலும் அவர்கள் ஏழைகள் அல்லர். மின்தூக்கி பழுதான நாள்களில் பத்துக் கிலோ அரிசியைப் பதினோராவது மாடிக்குத் தூக்கிச் செல்வதும், பேருந்து வராததால் மூத்தவள் மாலை வகுப்பைக் கைவிட்டதும் எந்தக் குறியீட்டில் ஏறும்? எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொன்று. நம் வருமானக் கணக்கு குடிமக்களை மட்டுமே சேர்க்கிறது. உன் வீட்டுக்கு எதிரே எழும்பும் அடுக்குமாடியில் சிமெண்டு சுமக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளி நம் வளர்ச்சி விகிதத்தில் இருக்கிறார்; சமத்துவக் கணக்கில் இல்லை. இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்காதே.

அட்டவணையை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திருத்தி எனக்கு அனுப்பு. அன்றிரவே படித்துவிட்டு அழைக்கிறேன்.

அன்புடன்,
மாறன்