ஜக்கூர் பள்ளியின் வரலாறு சேலத்துக்குச் சொல்வது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் விமானிப் பயிற்சி என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் எழும்போதெல்லாம், கட்டணம் எவ்வளவு, படித்தால் வேலை கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளோடு அது நின்றுவிடுகிறது. இவை நியாயமான கேள்விகளே. ஆனால் ஒரு பயிற்சிப் பள்ளி எதனால் நிலைக்கிறது, எதனால் முடங்குகிறது என்பதை அறிய நமக்கு அருகிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பெங்களூரின் வடக்கே ஜக்கூரில் உள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஜக்கூருக்கு முன்பே, 1920-களின் இறுதியில் தில்லி, பம்பாய் போன்ற நகரங்களில் பறக்கும் கிளப்புகள் தோன்றிவிட்டன. 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா விமானி உரிமம் பெற்றது அந்தக் காலத்தில்தான். எனினும் அவை பெரும்பாலும் வசதி படைத்தோரின் சங்கங்களாகவே இருந்தன. நாடு விடுதலை பெற்ற கையோடு, மைசூர் மன்னர் ஜெயசாமராஜ உடையாரின் ஆதரவில் ஜக்கூர் விமானத்தளம் உருவாகி, அரசே நடத்தும் பள்ளியாக அது எழுந்தது. அதை வழிநடத்தியவர் மன்னரின் விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம். பின்னாளில் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பை நிறுவியவரும் அவரே. அவருடைய துணைவியார் உஷா சுந்தரம் 1949-இல் அப்பள்ளியில் பயிற்சி முடித்து, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி எனப் பெயர் பெற்றார். சமஸ்தானங்களை இணைக்கும் பணியில் வல்லபபாய் பட்டேல் மேற்கொண்ட பயணங்கள் சிலவற்றில் விமானத்தைச் செலுத்தியவர்கள் இத்தம்பதியரே. 1951-இல் சென்னை அரசு வாங்கிய டவ் ரக விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் இருவரும் ஓட்டி வந்தார்கள். கோவையும் சேலமும் அன்று அடங்கியிருந்த அதே அரசின் விமானம் அது. அப்படியிருந்தும் நம் பள்ளிப் பாடநூல்கள் எதிலும் உஷா சுந்தரத்தின் பெயரை நான் கண்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவு பெருமை பெற்ற பள்ளியைத் தளர்த்தியவை இரண்டு. நகரம் வடக்கே பரவி, பெல்லாரி சாலையில் பெங்களூரின் பன்னாட்டு விமான நிலையத்துக்குச் செல்லும் உயர்மட்டச் சாலை எழுந்தபோது, ஓடுபாதையின் பயன்படும் நீளம் சுருங்கியது. பயிற்றுநர் பணியிடங்களை நிரப்புவதிலும் இடர்ப்பாடு ஏற்பட்டு, பயிற்சி நீண்ட காலம் தடைபட்டது. ஓடுபாதை இருந்தும் அதன் முனையில் வானம் மறிக்கப்பட்டால் பள்ளி நடக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது மாணவரே விமானத்தின் பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். தொடக்கக் கட்டத்தில் பெரும்பகுதி, ஓடுபாதையைச் சுற்றி வட்டமடித்து, இறங்கித் தரையைத் தொட்டு மீண்டும் எழும்பும் பயிற்சியிலேயே கழிகிறது. பயிற்றுநர் இறங்கிக்கொண்டு மாணவரை முதன்முதலாகத் தனியே அனுப்புவதும் அந்த வட்டத்தில்தான். தனியே பறக்கும் அந்த இளைஞர் தாழ்ந்து இறங்கிவரும் வழியில் கோபுரமோ அடுக்குமாடியோ நிற்கக் கூடாது.

கோவை பீளமேட்டில் பயணிகள் விமானங்கள் மிகுதி, பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளமும் உள்ளது. அங்கே ஓயாது வட்டமடிக்க இடம் கிடைப்பது கடினம். காமலாபுரத்தின் நிலை வேறு. 1993-இல் திறக்கப்பட்டு நெடுங்காலம் ஆளரவமின்றிக் கிடந்து, சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் மீண்டும் விமானச் சேவை கண்ட நிலையம் அது. 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கெனத் தேர்ந்தெடுத்த 5 நிலையங்களில் அதுவும் ஒன்று. அதன் ஓடுபாதை 1,806 மீட்டர். நான்கு பேர் அமரும் பயிற்சி விமானம் எழும்ப அரை கிலோமீட்டர் போதும். ஆகவே பயிற்சிக்காக மட்டுமென்றால் பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி உழவர்களின் ஒரு சென்ட் நிலத்தைக்கூட எடுக்க வேண்டியதில்லை. நிலையத்தை விரிவாக்க நிலம் எடுப்பதற்கான எதிர்ப்பையும் பயிற்சிப் பள்ளியையும் ஒன்றாகக் குழப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தேவைப்படுவது, சுற்றுப்புறக் கட்டட உயரத்துக்கான வரம்பை இப்போதே கண்டிப்புடன் காப்பதுதான். ஆணையத்தின் உயரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை ஓமலூர் வட்டத்தில் தொடர்புடைய ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் காட்சிப்படுத்தி, மனைப்பிரிவுக்கோ செல்பேசிக் கோபுரத்துக்கோ ஒப்புதல் தரும் முன் அதை ஒப்பிட்டுப் பார்க்க மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும். பயிற்றுநர் நியமனத்தையும் ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவிக்கச் செய்ய வேண்டும். இதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக மாவட்ட ஆட்சியரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓமலூர், சேலம் மாவட்டம்.