கேம் துறையை ஒரே வரியில் தள்ளிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை மாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனையோ துறைகளுக்கு இடம் கொடுத்த கட்டுரையாளர், வீடியோ கேம் துறையை மட்டும் 'இளமை மோகம்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். கணக்குப் பிரிவிலிருந்து மாறி, இன்று கேமில் உள்ள பிழைகளைத் தேடும் டெஸ்டராக வேலை செய்பவள் நான். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

டெஸ்டர் என்றாலே நாள் முழுக்க கேம் ஆடிச் சம்பளம் வாங்குபவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில், கேமில் வரும் ஒரே சுவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. எப்போதாவது ஒரு குண்டு சுவரில் படாமல் மறுபக்கம் போய்விடும். காட்சி நொடிக்கு 60 ஃபிரேம் (அடுத்தடுத்து மாறும் படங்கள்) ஓடுகிறது என்றால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 17 மில்லி நொடி. குண்டு மிக வேகமாகப் போனால், ஒரு ஃபிரேமில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்ததில் அந்தப் பக்கம். சுவரில் பட்ட கணம் கம்ப்யூட்டரின் கணக்கிலேயே வராது. பழைய போனில் ஃபிரேம் குறையும்போது இந்தத் தொல்லை அதிகமாகும். எந்த போன், எங்கே நின்று, எந்தக் கோணத்தில் சுட்டால் மறுபடி நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் டெவலப்பரால் சரிசெய்ய முடியும். கணக்கு எங்கே உதைக்கிறது என்று வரி வரியாகத் தேடிய பழக்கம்தான் எனக்கு இங்கே கைகொடுத்தது. பழைய வேலையில் கற்றது எதுவும் வீணாகவில்லை.

இந்தத் துறையிலிருந்து வெளியே போனவர்களையும் பாருங்கள். 1994இல் வந்த 'தீம் பார்க்' கேமைப் பதின்ம வயதிலேயே உருவாக்கியவர்களில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். பிறகு சொந்தமாக கேம் நிறுவனம் நடத்தினார், அதை மூடிவிட்டு மூளை ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் பெற்றார், 2010இல் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2024இல் வேதியியல் நோபல் பரிசு. அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து பிறந்ததுதான் 'ஃபோல்டிட்' என்ற, புரதத்தைப் புதிர்போல மடித்து அதன் வடிவத்தைத் தேடும் கேம். குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி எப்படி இருக்கும் என்பது விஞ்ஞானிகளுக்கே பல ஆண்டுகள் பிடிபடவில்லை. அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க அந்த கேமை ஆடியவர்கள் உதவினார்கள் என்று 2011இல் ஆய்வுக் கட்டுரையே வெளியானது.

அதற்காக நாளைக்கே ராஜினாமா கடிதம் நீட்டுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். 2023, 2024இல் பெரிய பெரிய கேம் நிறுவனங்களே ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தன. பிரவுசரில் ஓடும் கேம்களைச் செய்யப் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளை மட்டும் நம்பியிருந்தவர்கள் 2020 முடிவில் அது நிறுத்தப்பட்டபோது வேறு கருவியைக் கற்க வேண்டியதாயிற்று. ஆகவே வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் தொடங்குங்கள். கேம் உருவாக்கும் கோடோ, முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஒரு சின்ன கேமையாவது மெனு, ஒலி, இடைநிறுத்தும் பட்டன் வரை முழுசாக முடித்துப் பாருங்கள். கேம் ஆடும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். மூன்றாவது வாரமும் அதே பட்டனோடு மல்லுக்கட்ட மனசு வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்துறையில் ஒலி அமைப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், கேம் ஆடுபவர்களின் புகார்களைக் கையாள்பவர்கள் என்று எத்தனையோ பேர் வேறு வேலைகளிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களை நேரில் பேசவைத்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள். சம்பளம், வேலை நேரம், ஆட்குறைப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கேம் டெஸ்டராக வேலை செய்யும் வாசகி