ஆண்டறிக்கை: நண்டு ரத்தம், காந்தம், கொஞ்சம் மின்சாரம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடிவரும் நம் அறிவியல் வட்டத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். அடைமழை மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் கூட்டம் ஒழுங்காக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

உலோகம் உள்ள புரதங்களைக் காந்தத்தையும் மின்முனையையும் கொண்டு ஆராய்வது எப்படி என்பதுதான் இந்த ஆண்டுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். சென்ற பொதுக்குழுவில் இதற்குக் கடும் எதிர்ப்பு. "கருவியைக் கண்ணாலேயே பார்க்கப் போறதில்லை, வெறும் வாயை மெல்லவா?" என்று கேட்ட மூத்த உறுப்பினர்தான் முதல் கூட்டத்துக்கு முதுநகர்த் துறைமுகத்திலிருந்து உயிர் நண்டு வாங்கி வந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நண்டின் காலை மூட்டில் ஒடித்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் சொட்டவிட்டோம். முதலில் கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்த திரவம், கண்ணாடிக் குச்சியால் கலக்கக் கலக்க நீலம் பாரித்தது. அப்புறம் உறைந்தும் போனது. அதில் உள்ள புரதம் ஹீமோசயனின். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை நண்டில் செம்பு செய்கிறது. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கின்றன.

இந்தக் கிண்ணத்தை வைத்தே அடுத்த மூன்று கூட்டங்கள் ஓடின. இணையில்லாத எலெக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். அதைப் பெரிய காந்தப்புலத்தில் வைத்து மைக்ரோ அலையைப் பாய்ச்சினால், குறிப்பிட்ட புலத்தில் அலையை உறிஞ்சும். இதுதான் இ.பி.ஆர். (எலெக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) முறை, 1944இல் கசான் நகரில் ஸவோய்ஸ்கி கண்டுபிடித்தது. வழக்கமான கருவியில் அலை சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸ், புலம் சுமார் 0.34 டெஸ்லா. இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று உள்ள தனிச் செம்பு என்றால், அணுக்கருவின் தற்சுழற்சி 3/2 என்பதால் உறிஞ்சலைக் காட்டும் கோடு நான்காகப் பிரியும். அந்த நான்கைப் பார்த்தாலே செம்பு என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

சரி, நீலமான நண்டு ரத்தத்தை உள்ளே வைத்தால்? ஹீமோசயனினிடமிருந்து ஒரு கோடும் வராது. இரண்டு செம்பிலும் ஆளுக்கொரு இணையில்லாத எலெக்ட்ரான் இருக்கிறது. ஆனால் நடுவில் உள்ள ஆக்ஸிஜன் பாலத்தின் வழியே அவை எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. ஆக்ஸிஜன் போன பிறகும் கோடு கிடையாது. அப்போது செம்பில் இணையில்லாத எலெக்ட்ரானே இல்லை. மௌனம் ஒன்று, காரணம் இரண்டு. என் கணக்கில் இந்த ஆண்டின் சிறந்த விவாதம் இதுதான். நம் ரத்தத்துக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடும். ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபினில் ஒவ்வோர் இரும்பிலும் நான்கு இணையில்லாத எலெக்ட்ரான்கள் உண்டு. எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் வழக்கமான இ.பி.ஆருக்கு அது பிடிபடாது. ஆனால் 1936இலேயே பாலிங்கும் கோரியெல்லும் காந்தத் தராசில் எடைபோட்டு, ஆக்ஸிஜன் ஏறியதும் ஹீமோகுளோபினின் காந்தத்தன்மை மறைவதைக் காட்டிவிட்டார்கள். வத்திராயிருப்பில் பிறந்த நம் இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் அதே 1930களில் படிகங்களின் காந்தப் பண்பை அளந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு தனிக் கூட்டம் போட்டிருக்கலாம், நேரம் கிடைக்கவில்லை.

மின்வேதியியல் பகுதிக்கு இரண்டு கூட்டங்கள்தான் ஒதுக்க முடிந்தது. ஓய்வுபெற்ற மின் தொழில்நுட்பர் ஒருவர் தானே செய்த மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டுவந்தார். பென்சில் ஊசியை மின்முனையாக்கி, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கியதும் திரையில் மின்னோட்டக் கோட்டில் இரண்டு மேடுகள் எழுந்தன. ஓர் எலெக்ட்ரான் தடையின்றிப் போய்வந்தால் மேடுகளுக்கு நடுவே சுமார் 59 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். நம்முடையது அதைவிட நன்றாகவே அகன்றிருந்தது. பென்சில் ஊசியில் களிமண்ணும் கலந்திருப்பதை நினைத்தால் வியப்பில்லை.

புரதத்துக்கு வந்தால், அது மின்முனையோடு நேராக எலெக்ட்ரான் கொடுத்து வாங்காது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்டோஸும் ஹில்லும் தங்க மின்முனையையும் பைபிரிடைல் என்ற பொருளையும் வைத்து சைட்டோகுரோம் சி என்ற இரும்புப் புரதத்தை அப்படிக் கொடுத்து வாங்க வைத்தார்கள். இ.பி.ஆரும் மின்வேதியியலும் கைகோப்பது இன்னும் சுவையானது. காற்றில்லாத பாத்திரத்தில் புரதக் கரைசலின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்துக் குவார்ட்ஸ் குழாயில் உறையவைத்து இ.பி.ஆர். பார்ப்பார்கள். எந்த அழுத்தத்தில் எந்த உலோகம் எலெக்ட்ரானை வாங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஒரே புரதத்தில் பல இரும்பு–கந்தகக் கொத்துகள் இருந்தால்கூடத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லலாம்.

இனி ஒப்புதலுக்கு உரியவை. கூடத்தின் வாடகை ஏறிவிட்டது. சந்தாவை உயர்த்துவதா, உறுப்பினர் வீட்டு மாடிக்குக் கூட்டத்தை மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். மாடி போதும் என்பது என் கருத்து, மின்விசிறி ஒன்று வாங்கினால். அடுத்து, சென்னை ஐ.ஐ.டி.யின் நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையத்தில் இ.பி.ஆர். கருவி இருக்கிறது. நேரில் பார்க்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு மேசைமேல் உள்ளது. படித்துத் திருத்தம் சொல்லுங்கள். நண்டு கொண்டுவந்தவர் பயணச் செலவில் பாதியைத் தாம் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

செயலாளர்