சின்னது உடம்பை உதறுகிறதா, பார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் தொட்டியில் ஒட்டியே திரிந்த இரண்டு கோமாளி மீன்களில் பெரியது சின்னதை விரட்டி விரட்டிக் கடிக்கிறது, பிரித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே அம்மா. முதலில் சின்னது என்ன செய்கிறது என்று பார்.

பெரியது பெண், சின்னது ஆண். இந்த இனத்தில் எந்த மீனும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் மேலோங்கி நிற்பது பெண்ணாகிவிடும், அடுத்த இடத்தில் இருப்பது அதற்குத் துணையாகும். பெண் இறந்துபோனால் அந்த ஆணே பெண்ணாக மாறும். மாறியது திரும்ப ஆணாவதில்லை. பெண்ணின் அதட்டல்தான் ஆணை ஆணாகவே நிறுத்தி வைக்கிறது என்று ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977இல் எழுதினார்கள். அதனால் கொஞ்சம் விரட்டல் அவற்றின் குடும்ப வாழ்க்கையிலேயே உள்ளது.

பெரியது பாய்ந்து வரும்போது சின்னது ஒருபக்கம் சாய்ந்து உடம்பைக் கிடுகிடுவென உதறினால் நல்லது. ‘நீதான் பெரியவள்’ என்று அது ஒப்புக்கொள்கிறது. பெரியதும் பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடும். உதறாமல் எதிர்த்து நின்று திருப்பிக் கடித்தால்தான் எனக்குக் கவலை. அதுவும் பெண்ணாகத் தொடங்கியிருக்கலாம். இரண்டு பெண்கள் ஒரே தொட்டியில் ஒத்துப்போவது மிக அரிது.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த காரணம்: முட்டையிடும் காலமாக இருக்கலாம். அவை அண்டி வாழும் அனிமோனுக்கு, அதுதான் அந்தப் பூப்போன்ற கடலுயிருக்கு, பக்கத்துப் பாறையை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்கின்றனவா? பெரியதன் வயிறு பருத்திருக்கிறதா? முட்டை முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். போகப்போக உள்ளே வெள்ளிக் கண்கள் தெரியும். ஒரு வாரம் பத்து நாளில், விளக்கு அணைந்த பிறகு பொரியும். அதுவரை ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்ட முட்டையை வாயால் எடுத்துவிடும். அந்த நாட்களில் நீ கையை விட்டால் உன்னையும் கடிக்கும். கடிக்கட்டும், காவல் காக்கிறது.

பாறையை நகர்த்தினாயா? புது மீன் விட்டாயா? அவற்றின் உலகம் அந்த அனிமோனைச் சுற்றிய சிறு இடம்தான். அதில் கை வைத்தால் எல்லை வகுக்கும் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தண்ணீரையும் சோதி. மீன் கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

துடுப்பு கிழிந்து, சின்னது மேல் மூலையில் ஒதுங்கி, தீனிக்கும் வராமல் இருந்தால் காத்திருக்காதே. துளையுள்ள பெட்டியில் பெரியதை அடைத்து அதே தொட்டியிலேயே தொங்கவிடு. அடைக்க வேண்டியது பெரியதைத்தான். சின்னதுக்குத் தன் இடம் பழகட்டும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும் இருக்கட்டும். வேறு தொட்டிக்கு மாற்றி நாள்கணக்கில் விட்டால், தனியாக இருக்கும் ஆண் பெண்ணாகும் வழியில் போய்விடும். பிறகு சேர்ப்பது கடினம்.

தோலில் வெள்ளையாகக் கோழை படிந்து மூச்சு வாங்கினால் அது சண்டையே இல்லை, நோய். ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி சில நாளிலேயே கொன்றுவிடும். அன்றைக்கே அந்த மீனைத் தனித் தொட்டியில் வைத்து மருத்துவம் பார்.

தீனி போடும்போதும், விளக்கு அணைவதற்கு முன்பும் வீடியோ எடுத்து அனுப்பு. ராத்திரி வெகுநேரம் தொட்டி முன்னால் உட்காராமல் தூங்கு அம்மா. உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா