மனமகிழ் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களுக்காக இவ்வறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். அங்கே கட்டைவிரல் படம் போட்டால் வருகைப் பதிவாகக் கொள்ளப்படாது.

சுதந்திர தினக் கொடியேற்றம், நவராத்திரி கொலு, வைகுண்ட ஏகாதசி இரவுப் பரமபதம், பொங்கல் கோலப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் நான்கு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே ஆட்களை வைத்தே நடத்தி முடித்தோம்.

பழைய வீட்டு ஆட்டங்களை இன்றைய வீட்டுக்கு ஏற்றபடி செய்து, உறுப்பினர்களுக்கு இரவல் தருவதென்று சென்ற பொதுக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, வேலை செயலாளர் தலையில் விழுந்தது. அதன் விவரம் வருமாறு.

முதலில் தாயம். கடையில் 'நவீன தாயம்' என்று விற்ற பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்தோம். உள்ளே நீளக் கட்டைகளுக்குப் பதில் இரண்டு ஆறுமுகப் பகடைகள். இரண்டையும் உருட்டினால் குறைந்தது இரண்டு விழும். ஒன்று, அதாவது தாயம், விழவே விழாது. ஒன்றை மட்டும் உருட்டினால் பன்னிரண்டு கிடையாது, ஒன்று முதல் ஆறு வரை எல்லாமே சம வாய்ப்பு. வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகமுள்ள கட்டை இரண்டைச் சேர்த்து உருட்டும்போதுதான் பதினாறு வகைகளில் தாயம் இரண்டு வகையாகவும், மூன்று நான்கு வகையாகவும், ஆறும், இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையாகவும் விழுகின்றன. ஆட்டத்தின் உயிரே அந்த ஏற்றத்தாழ்வுதான். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிறகு முப்பரிமாண அச்சில் கட்டை செய்து பார்த்தோம். படுக்கவைத்து அச்சிட்டால் முதல் அடுக்கு சூட்டில் நசுங்கி ஓரத்தில் பிதுங்குகிறது. அந்தப் பக்கம் மற்ற மூன்றையும்விட அரை மில்லிமீட்டர் அகலமாகி, கட்டை அதன்மேலேயே உட்காரப் பார்க்கிறது. சோதிக்க எளிய வழி: ஒரு கட்டையை 160 முறை உருட்டி எழுதுங்கள். ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 40 முறை வரவேண்டும். ஒரு முகம் அறுபதை எட்டினால் கட்டையில் கோளாறு. நிற்கவைத்து அச்சிட்டால் நான்கு பக்கமும் ஒன்றுபோல் வரும். உள்ளே கூடு விடாமல் முழுக்க நிரப்பியும் அச்சிட வேண்டும். இல்லையேல் எடை போதாமல் உருளாமல் சறுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் பித்தளைக் கட்டையின் சத்தம் வரவில்லை என்று குறை வந்தது. அது நியாயமான குறை. இப்போது இரவல் பெட்டியில் இருப்பது பித்தளைக் கட்டைதான்.

கட்டத்துக்கு முதலில் ஃபிளெக்ஸ் அடித்தோம். சுருட்டி வைத்தால் ஓரம் நிமிர மறுக்கிறது, கட்டையும் வழுக்குகிறது. காடாத் துணிக்கு மாறினோம். அச்சடிக்கும் முன் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். முதல் ஐந்து துணிகளுக்கு அதைச் செய்யாததால், துவைத்தபின் சதுரங்கள் செவ்வகமாகிவிட்டன. ஐந்துக்கு ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் மூன்று அங்குலம். மலையில் (வெட்டுப்படாத கட்டத்தில்) நாலைந்து காய் சேர்ந்து உட்கார அந்த இடம் வேண்டும்.

துணியின் ஒரு பக்கத்தில் பழைய விதி, மறுபக்கத்தில் குறுவிதி. குறுவிதியில் மாற்றம் ஒன்றே ஒன்று: தாயம் விழுந்தாலும் ஐந்து விழுந்தாலும் காய் இறங்கலாம். தாயத்துக்காக மட்டும் காத்திருந்தால், பத்து முறை உருட்டியும் இறங்க முடியாமல் போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளை அதற்குள் எழுந்து போய்விடும். ஐந்தையும் சேர்த்தால் அது ஏறக்குறைய பதினெட்டில் ஒன்றாகக் குறைகிறது. எதிராளியின் காயை வெட்டினால்தான் உள்சுற்று, பழம் எடுக்க (காயைக் கரையேற்ற) சரியான எண் ஆகியவற்றில் கைவைக்கவில்லை.

'பாரம்பரியத்தை மாற்றச் செயலாளருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?' என்று கேட்டு ஓர் உறுப்பினர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். 2024-ல் ஐரோப்பாவில் வெளியான புது ஸ்கிராபிள் பலகையிலும் ஒரு பக்கம் பழைய ஆட்டம், மறுபக்கம் கூட்டாக ஆடும் எளிய ஆட்டம்தான். பழையதை யாரும் பிடுங்கவில்லை. துணியைத் திருப்பிப் போட்டால் போதும். கடிதம் எழுதியவர் ஒரு நாளும் ஆட வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பல்லாங்குழி: மடக்குப் பலகை நான்கு செய்தோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் குழி ஆழம் போதாமல், ஒரு குழியில் பதினைந்து முத்து சேர்ந்தால் வழிந்தது. இப்போது ஒரு அங்குல மரம், குழி இரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குல ஆழம். கீலை அதன் தடிமன் அளவுக்கு மரத்தில் பள்ளம் எடுத்துப் பதிக்காவிட்டால் பலகை தட்டையாக விரியாது, இடுக்கில் முத்து விழும். குழிக்கு ஐந்து வீதம் 70 முத்து. குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று எடுக்க, பார்த்தவுடன் எண்ணத் தெரிய வேண்டும். கருத்த பலகையில் புளியங்கொட்டை கண்ணுக்குத் தெரியாததால் உட்புறம் வெளிர்நிறம் பூசினோம். குன்றிமணி போடக் கூடாது, அது விஷ விதை. குழந்தை உள்ள வீடு. மஞ்சாடி அல்லது சோழி போதும்.

ஆடுபுலிப் பலகையில் அச்சகத்தார் இரு ஓரங்களின் நெடுக்குக் கோடுகளை விட்டுவிட்டார்கள். உச்சிப் புள்ளி ஒன்று, மூன்று படுக்கைக் கோடுகளில் ஆறாறு, அடியில் நான்கு என 23 புள்ளிகளும் சரியாக இருந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. ஆடியபோதுதான், ஓரத்துக்குப் போன புலி வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியின்றி நின்றது. பதினைந்து ஆட்டுக்கு மூன்று புலி என்ற கணக்கே அதனால் கெட்டது. மறு அச்சுக்குப் பணம் கேட்கிறார்கள். பயணத்துக்கான காந்தக் காய்களில் வலுவான காந்தம் வைத்தால் பக்கத்து ஆட்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மெல்லிய ரப்பர் காந்தமும் பலகைக்கு அடியில் இரும்புத் தகடும் போதும். அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது.

நன்கொடையாக வந்த மோனோபோலி, காகிதப் பணம் இல்லாத அட்டை இயந்திர வகை. பேட்டரி தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. மீதிச் சில்லறை எண்ணப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரு பயிற்சியும் போயிற்று.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, கொலு விளம்பரம் வகையில் வந்த தொகை பெரும்பாலும் மேற்படி பணிகளுக்கும், நாற்காலி வாடகைக்கும், சிற்றுண்டிக்கும் செலவாயிற்று. சிறு தொகை கையிருப்பு. தணிக்கை முடிந்ததும் விவரம் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். மரவேலையில் 'இதர செலவு' ஏன் கூடியது என்போருக்கு: வீணான முதல் இரண்டு பலகைகளும் அலமாரியில்தான் இருக்கின்றன, எடுத்துப் பார்க்கலாம்.

ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். பாதிப் பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. அவர்கள் வீட்டில்தான் இரவல் பெட்டிகளும் அதிகம் தங்கியிருக்கின்றன. திரும்பி வந்த தாயப் பெட்டி ஒன்றில் கட்டை ஒன்றே இருந்தது. ஒற்றைக் கட்டையில் மூன்றுக்கு மேல் விழாது என்பதை அந்த உறுப்பினர் அறிவார் என நம்புகிறேன்.

தலைவர், பொருளாளர், அறை கொடுத்த பள்ளி நிர்வாகம், துணி தைத்துத் தந்த மகளிர் குழு, தேநீர்க் கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஆடுபுலி மறு அச்சும், கண்பார்வை குறைந்த மூத்தோர் தொட்டுணரும்படி மேடான கோடுள்ள தாயத் துணியும் உத்தேசம். இரண்டுக்கும் நிதி நிலுவைச் சந்தாவில்தான் இருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு வேறு எவரேனும் முன்வந்தால் சாவி, பதிவேடு, மீதி எழுபது முத்து எல்லாம் எண்ணி ஒப்படைக்கத் தயார். மனு இன்று மாலை ஆறு மணி வரை பெறப்படும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்